மணியை அழுத்தாதவர்கள்

நம் தொழிலுக்குத் தமிழில் இன்னும் நிலையான ஒரு பெயர் அமையவில்லை. அலுவலகத் தாள்களில் 'நடத்தை மாற்றத் திட்ட வடிவமைப்பு' என்று எழுதிக்கொள்கிறோம். சிங்கப்பூரின் சுவா சூ காங்கில் என் அடுக்குமாடி புளோக்கின் கீழே உட்கார்ந்திருப்பவர்கள் "என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டால், "செய்யணும்னு தெரிஞ்சும் ஆளுங்க ஒரு காரியத்தைச் செய்யாம இருப்பாங்க இல்ல, அது ஏன்னு பார்க்கிற வேலை" என்பேன். "அப்ப முதல்ல எங்க வீட்டுக்கு வாங்க லா" என்பார்கள். இத்தனை வருடத்தில் இதைத் தவிர வேறு பதில் எனக்குக் கிடைத்ததில்லை.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் நீங்கள், வெற்றி பெற்ற திட்டங்களைப் பற்றி என்னிடம் கேட்கிறீர்கள். அவற்றுக்குப் படங்கள் இருக்கின்றன, வரைபடங்கள் இருக்கின்றன. நான் இல்லாமலேயே நீங்கள் படித்துக்கொள்ளலாம். நான் சொல்ல நினைப்பது ஒரே ஒரு மருத்துவமனை வார்டைப் பற்றி. அந்தத் திட்டம் ஜெயித்ததா தோற்றதா என்பதில் அந்த மருத்துவமனை நிர்வாகத்துக்கும் எனக்கும் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. மருத்துவமனையின் பெயர் வேண்டாம். அங்கே பலரும் ஆங்கிலத்தில் பேசினார்கள். அவர்கள் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

அது முதியவர்களுக்கான வார்டு. ஓர் அறைக்கு ஆறு கட்டில்கள். காய்ச்சலுக்கோ சளிக்கோ வந்து சேர்ந்தவர்கள், கழிவறைக்குப் போகத் தனியாக எழுந்து, கால் தடுமாறிக் கீழே விழுந்தார்கள். வயதானவர் விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். நடந்து வந்தவர் சக்கர நாற்காலியில் வீட்டுக்குப் போவார். சிலர் வீட்டுக்குப் போவதே இல்லை.

ஒவ்வொரு கட்டிலுக்கும் ஓர் அழைப்பு மணி உண்டு. தலையணைக்குப் பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில். அழுத்தினால் தாதி வருவார், கையைப் பிடித்து அழைத்துப் போவார். ஆனால் யாரும் அழுத்துவதில்லை. எங்களை அழைத்த துணை இயக்குநர் முதல் சந்திப்பிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"அவர்களை மணியை அழுத்த வைக்க வேண்டும். அவ்வளவுதான்."

இந்த 'அவ்வளவுதான்' என்ற சொல் காதில் விழுந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். பிரச்சினை என்ன என்பதோடு விடை என்ன என்பதையும் உங்களிடம் கொடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அவர் எங்களிடம் எதிர்பார்த்தது இன்னும் நல்ல போஸ்டர். ஏற்கெனவே சுவரில் நான்கு மொழிகளில் போஸ்டர் இருந்தது. சிவப்பு எழுத்து, பெரிய மணியின் படம், மூன்று ஆச்சரியக்குறிகள். போஸ்டர் மேல் நிர்வாகங்களுக்கு இருக்கும் பிரியம் எனக்குப் புரியும். அது சொன்ன நாளில் வந்து சேரும். சுவரில் ஒட்டிப் படம் எடுக்கலாம். யாரும் வேலை நேரத்தை மாற்ற வேண்டியதில்லை.

நானும் என் குழுவில் இருந்த ஃபரீதும் முதலில் செய்தது மிகச் சாதாரணமான ஒன்று. கட்டில் கட்டிலாகப் போய், "எழுந்திருக்கணும்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டோம். எல்லோரும் சரியான விடையைச் சொன்னார்கள். ஒரு சீனப் பாட்டி மணியைக் கையில் எடுத்து அழுத்தியும் காட்டினார். தெரியாததால் அழுத்தாமல் இருக்கவில்லை என்பது ஒரே காலையில் தெரிந்துபோனது. போஸ்டர் வேலை அன்றோடு முடிந்தது.

பிறகு நாங்கள் வார்டில் உட்கார்ந்தோம். உட்கார்ந்தோம் என்றால் நாற்காலியைப் போட்டு, ஒன்றும் செய்யாமல், நாள் கணக்கில். வார்டின் பொறுப்பில் இருந்த மூத்த தாதியை எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். மலாய்க்காரர். குரலை உயர்த்தாமல் ஓர் அறையை அடக்கக்கூடியவர். எங்களை இரண்டு நாள் பார்த்துவிட்டு, "உங்களுக்கு அலுவலகம் இல்லையா?" என்று கேட்டார். அவர் எங்களிடம் முதலில் பேசியது அதுதான்.

இரண்டாம் அறையில், சன்னலோரக் கட்டிலில் திரு. சிவநேசன் இருந்தார். எண்பதைத் தாண்டியவர். கப்பல் நிறுவனம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். தேக்காவுக்குப் பக்கத்தில் அரசு கட்டிய வீவக அடுக்குமாடி வீடு ஒன்றில் தனியாக வாழ்ந்தார். நுரையீரலில் தொற்று என்று சேர்த்திருந்தார்கள். காய்ச்சல் இறங்கிவிட்டது, கால்களில் பலம் மட்டும் திரும்பவில்லை. காலையில் முகம் மழித்து, தலை வாரி, மருத்துவமனைச் சட்டையின் கடைசிப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு செய்தித்தாள் படிப்பார். அவர் ஒருமுறைகூட மணியை அழுத்தியதில்லை என்று சிஸ்டர் சொன்னார். தாதியர் அடுத்த அறைக்குள் போகும்வரை காத்திருந்து, பிறகு கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தானே போவாராம்.

ஒரு நாள் பக்கத்துக் கட்டிலில் இருந்த சீன முதியவர் மணியை அழுத்தினார். தலைமாட்டில் இருந்த ஒலிபெருக்கியில் ஒரு குரல் உரக்கக் கேட்டது: "யெஸ் அங்கிள், வாட் யூ வான்ட்?" அவருக்குக் காது மந்தம். அவர் ஹொக்கியன் என்ற சீன மொழியில் பதில் சொன்னார். அந்தக் குரலுக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டது. அவர் மறுபடி, இன்னும் சத்தமாகச் சொன்னார். அறையில் இருந்த எல்லோருக்கும், பார்க்க வந்த பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் உட்பட, அவருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு தாதி வந்தார். நடத்திக் கூட்டிப்போக ஆள் இல்லாததால், கையில் சிறுநீர்ப் புட்டியோடு வந்து திரையை இழுத்துவிட்டார்.

சிவநேசன் செய்தித்தாளைக் கொஞ்சம் மேலே உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அன்று மாலை அவரோடு பேசினேன்.

"அங்கிள், அந்த மணி எதுக்குன்னு தெரியும்தானே?"

"ஓம். சுவத்துலதான் நாலு பாஷையிலயும் எழுதி ஒட்டியிருக்கே."

"நீங்க அழுத்துறதே இல்லைன்னு சிஸ்டர் சொன்னாங்க."

"அவசரம்னா அழுத்துவேன்."

"எது அவசரம்?"

"நெஞ்சு வலி, மூச்சடைப்பு, அந்த மாதிரி."

"பாத்ரூம்?"

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். "அது தினமும் உள்ளதுதானே, பிள்ளை. அதுக்குப் போய் ஒரு மனுஷரைக் கூப்பிடுறதா? அந்தப் பிள்ளைங்க காலையிலருந்து ஓடிக்கிட்டு இருக்குதுங்க."

சிவப்பு எழுத்தையும் ஆச்சரியக்குறிகளையும் அவர் நன்றாகவே படித்திருந்தார். இவ்வளவு பெரிய மணி ஏதோ பெரிய ஆபத்துக்குத்தான் என்று முடிவுக்கு வந்திருந்தார். அந்தப் போஸ்டரைப் பார்த்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

வார்டில் வேறு சிலரிடமும் பேசினோம். ஒருவருக்கு வெட்கம். ஒருவருக்குத் தாதியர் மேல் இரக்கம். ஒருவர் எப்போதோ அழுத்தி, வெகுநேரம் காத்திருந்து, வெறுத்துப்போனவர். காரணம் ஆளுக்கு ஆள் வேறாக இருந்தது. ஆனால் எல்லோருக்கும் மணி என்பது 'கூப்பிடுவது'. கூப்பிடுவது என்பது கேட்பது. அந்த அறையில் இருந்தவர்கள் வாழ்நாள் முழுக்க யாரிடமும் எதையும் கேட்காமல் இருப்பதைப் பெருமையாக வைத்திருந்தவர்கள். அதைச் சில வாரங்களில் மாற்றப் போஸ்டரால் முடியாது, என்னாலும் முடியாது.

ஆகவே அவர்களைக் கேட்க வைப்பதை விட்டுவிடுவோம் என்று முடிவு செய்தேன். அவர்களுக்குத் தேவை வருவதற்கு முன்பே, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை தாதியர் போய்க் கேட்கட்டும். இதில் புதுமை எதுவும் இல்லை. பல இடங்களில் செய்கிறார்கள். சிஸ்டரிடம் சொன்னபோது அவர் கையில் இருந்த வேலையை நிறுத்தவில்லை.

"நீங்கள் நோயாளிகளை மாற்ற வந்தவர்கள். இப்போது என் ஆட்களை மாறச் சொல்கிறீர்கள்."

"ஆமாம்."

"அவர்களுக்கு இன்னும் இரண்டு கை முளைக்க வேண்டுமே."

"நான் ஒரு முழு ஷிஃப்ட் அவர்கள் பின்னாலேயே நடக்கலாமா?"

அவர் சம்மதித்தார். நடந்தேன். இரத்த அழுத்தம் பார்க்க, மருந்து கொடுக்க, சாப்பாட்டுத் தட்டை எடுக்க என்று அவர்கள் எப்படியும் ஒவ்வொரு கட்டிலுக்கும் பலமுறை போகிறார்கள். அந்தப் போக்கோடு இதைச் சேர்த்தால் கூடுதல் நடை குறைவு. சிஸ்டர் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்.

"இதனால் ஒருவர் விழுந்தாலும் நானே நிறுத்திவிடுவேன். உங்களைக் கேட்க மாட்டேன்."

முதல் சில வாரங்கள் நன்றாகப் போயின. விழுவது குறைந்தது. சிவநேசனின் அறையைப் பெரும்பாலும் பார்த்துக்கொண்டவர் பிரின்ஸி என்ற இளம் தாதி. நாகர்கோவிலிலிருந்து வேலைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. வேலை அனுமதியில் இருந்தவர். அவர் கேட்டால் சிவநேசன் சில நேரம் எழுந்து போவார், சில நேரம் வேண்டாம் என்பார். துணை இயக்குநருக்கு மகிழ்ச்சி. எண்களைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு கூட்டத்தில் காட்டப் போவதாகச் சொன்னார். இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்றேன். அவர் பொறுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சிவநேசன் விழுந்தார்.

மறுநாள் காலை எனக்கு அழைப்பு வந்தது. மணிக்கட்டு முறிந்துவிட்டது. நெற்றியில் தையல். இடுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருடைய மகள் மாலதி, தெம்பனிஸில் ஒரு பள்ளியில் ஆசிரியை, வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்து நிர்வாகத்தின் முன் உட்கார்ந்திருந்தார். நான் போனபோது கூட்டம் ஏற்கெனவே சூடாக இருந்தது.

"ஒரு மணி நேரத்துக்கு ஒருதரம் வந்து கேப்போம்னு நீங்கதான் எங்ககிட்ட சொன்னீங்க," என்றார் மாலதி. "அப்பாவ யாருமே கேக்கல. கேட்டிருந்தா அவர் ஏன் தனியா எழுந்து போகணும்?"

விழுந்த நேரத்தில் மாலதி கீழ்த்தளத்தில் மருந்து வாங்கப் போயிருந்தார். தாதி கேட்கவில்லை என்பதை மேசையைச் சுற்றியிருந்த எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அதுதான் எல்லோருக்கும் வசதியாக இருந்தது. ஒருவர் தன் கடமையைச் செய்யவில்லை, அவரை நீக்கினால் சரியாகிவிடும். பிரின்ஸியின் பெயர் மேசைக்கு வந்துவிட்டது. வேலை அனுமதியில் இருப்பவர் வேலையை இழந்தால் நாட்டை விட்டே போக வேண்டியிருக்கும் என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

துணை இயக்குநர் என் பக்கம் திரும்பினார். "எல்லாக் கட்டில்களுக்கும் அலாரம் பொருத்துவோம். எழுந்தால் அடிக்கும். பக்கக் கம்பிகளை ஏற்றியே வைப்போம். உங்கள் திட்டத்தை இன்றோடு முடித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?"

உடனே பதில் சொல்லும்படி உங்களை எல்லோரும் பார்க்கும் நேரங்கள் வரும். நடந்தது என்னவென்றே அப்போது எனக்குத் தெரியாது. "அரை மணி நேரம் கொடுங்கள், வார்டுக்குப் போய்விட்டு வருகிறேன்" என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாலதி எரிச்சலோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் எழுந்து போய்விட்டேன்.

பிரின்ஸி, தாதியர் தேநீர் போட்டுக்கொள்ளும் பேன்ட்ரியில் ஒரு கோப்பைத் தண்ணீரை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குடித்ததாகத் தெரியவில்லை.

"கேட்டேன் மேடம். சத்தியமா கேட்டேன்," என்றார். "'அங்கிள், பாத்ரூம் போகணுமா'ன்னு கேட்டேன். வேண்டாம்னு தலைய ஆட்டினாரு. அதுக்கு மேல நான் என்ன பண்ணணும்?"

"அப்ப பக்கத்துல யார் இருந்தாங்க?"

"பாக்க வந்தவங்க ரெண்டு பேரு. ஒரு பெரியவரு, அவரு வீட்டம்மா. நல்லா பட்டுப்புடவை கட்டி, கோயிலுக்குப் போயிட்டு நேரா வந்த மாதிரி இருந்தாங்க."

சிவநேசன் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்கவில்லை. நான் நாற்காலியை இழுத்துப் போட்டதும் கண்ணைத் திறந்தார்.

"அங்கிள், பிரின்ஸி உங்ககிட்ட கேட்டாங்களா?"

"கேட்டது. நான்தான் வேண்டாம்னேன்."

"அப்ப உங்களுக்குப் போக வேண்டியிருக்கலையா?"

"போகத்தான் வேண்டியிருந்துச்சு. அதுக்கு முன்னாடியே இருந்துச்சு."

நாற்காலியை இன்னும் கொஞ்சம் அருகே இழுத்துக்கொண்டேன்.

"சம்பந்தி வந்திருந்தாங்க," என்றார். "மாலதியோட மாமனார், மாமியார். தண்டாயுதபாணி கோயிலுக்குப் போயிட்டு, பிரசாதத்தோட வந்திருந்தாங்க. அவங்க முன்னாடி ஒரு சின்னப் பிள்ளை வந்து பாத்ரூம் போகணுமான்னு கேக்குது. நான் என்னன்னு சொல்றது? ஓம், கூட்டிட்டுப் போன்னு கையை நீட்டுறதா?"

"அவங்க போனதுக்கு அப்புறம்?"

"அவங்க லிஃப்ட்டுக்குப் போற வரைக்கும் பொறுத்தேன். அதுக்கு மேல முடியல. எழுந்தேன்." கட்டுப்போட்ட கையை லேசாகத் தூக்கிக் காட்டினார். "அவ்வளவுதான்."

மேலே கூட்டத்தில் பிரின்ஸியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவரிடம் சொன்னேன். அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. முகம் மாறிவிட்டது. எழுந்து உட்கார முயன்றார்.

"அந்தப் பிள்ளை மேல ஒரு தப்பும் இல்ல. நான் சொன்னேன்னு சொல்லுங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா சம்பந்தி விஷயத்தை அங்க எல்லார் முன்னாடியும் விரிக்காதீங்க. மாலதி வீட்டுல அது பேச்சாயிடும்."

லிஃப்டில் மேலே போகும்போது யோசித்தேன். பிரின்ஸியின் வேலையைக் காப்பாற்ற அவர் மறைக்கச் சொன்னதைச் சொல்ல வேண்டியிருக்கலாம். அவர் மறைக்கச் சொன்னதைக் காப்பாற்றினால், கேட்டும் ஏன் வேண்டாம் என்றார் என்ற கேள்விக்கு விடை இருக்காது. நம் வேலையில் மனிதர்கள் நம்மிடம் கூச்சத்தை விட்டுப் பேசுவார்கள். அதை எவ்வளவு தூரம் எடுத்துப் போகலாம் என்பதற்கு நம்மிடம் விதி எதுவும் கிடையாது. தேவையான அளவு உண்மை, அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை என்று முடிவு செய்துகொண்டு உள்ளே போனேன்.

"தாதி கேட்டிருக்கிறார். அவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அவரே என்னிடம் உறுதியாகச் சொன்னார். தாதி மேல் தவறில்லை."

"அப்பா ஏன் வேண்டாம்னு சொல்லணும்?" என்றார் மாலதி.

"அந்த நேரத்துல விசிட்டர்ஸ் இருந்தாங்க."

மாலதி மேலே ஏதோ கேட்க வாயெடுத்தார். பிறகு கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை யார் வந்திருந்தார்கள் என்று அவருக்குத் தெரியும். கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "அந்த நர்ஸை ஒண்ணும் செய்ய வேண்டாம்," என்றார் கடைசியில்.

துணை இயக்குநர் அலாரத்துக்குத் திரும்பினார். அப்போதுதான் மேசையின் கோடியில் உட்கார்ந்திருந்த சிஸ்டர் பேசினார். ஒருவர் விழுந்தாலும் நிறுத்திவிடுவேன் என்று அவர் சொல்லியிருந்ததால், நிறுத்தத்தான் போகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அலாரம் அடித்தால் ஓடுவோம். நாங்கள் போய்ச் சேரும்போது அவர் தரையில் இருப்பார். கம்பியை ஏற்றி வைத்தால் அதன் மேல் ஏறி இறங்குவார். இன்னும் உயரத்திலிருந்து விழுவார். நான் இரண்டையும் பார்த்திருக்கிறேன்." கொஞ்சம் நிறுத்தி, என்னைப் பார்த்தார். "தாதி போனது சரி. கேட்ட விதம்தான் சரியில்லை. அதை மாற்றி இன்னும் ஒரு மாதம் பார்க்கிறேன்."

யார் எப்படிக் கேட்க வேண்டும் என்பதைத் தாதியர் விருப்பத்துக்கே நாங்கள் விட்டிருந்தோம். போவதற்கு அத்தனை ஏற்பாடு செய்தோம். போய் நின்றபின் என்ன பேசுவது என்று யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. நிர்வாகம் ஒரு வழியாக இறங்கி வந்தது: குழப்பத்தில் இருக்கும் நோயாளிகளுக்கு மட்டும் அலாரம், மற்றவர்களுக்கு ஒரு மாத அவகாசம்.

அன்று பேன்ட்ரியில் நாங்கள் நான்கு பேர் நின்றுகொண்டே பேசினோம். சிஸ்டர், பிரின்ஸி, ஃபரீத், நான். 'போகணுமா' என்று கேட்டால் 'வேண்டாம்' என்பது நாக்கு நுனியில் இருக்கும். வீட்டுக்கு வந்தவரிடம் 'சாப்பிடுகிறீர்களா' என்று கேட்டால் வேண்டாம் என்றுதானே முதலில் சொல்வார். வேண்டாம் என்பதற்கு இடம் கொடுக்காத கேள்வி வேண்டும். கழிவறை என்ற சொல்லும் வரக்கூடாது.

"டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று எல்லோரிடமும் சொல்லிவிடலாமே," என்றார் ஃபரீத்.

"எல்லோரையும் நடக்கச் சொன்னாரா?" என்று கேட்டார் சிஸ்டர்.

"இல்லை. ஆனால்..."

"அப்படியானால் என் ஆட்கள் அதைச் சொல்ல மாட்டார்கள்."

நான் சிஸ்டர் பக்கம் நின்றேன். பொய்யின் மேல் கட்டிய திட்டம் அது வெளிப்படும் நாள்வரைதான் நிற்கும்; மருத்துவமனை வார்டில் எதுவும் மறுநாள் காலைக்குள் வெளிப்பட்டுவிடும். ஆனால் அந்த வார்டில் பெரும்பாலோருக்கு நடைப்பயிற்சி உண்மையிலேயே தேவையாக இருந்தது. உடலியக்க மருத்துவர் சொல்லியிருந்தார். ஆளில்லாமல் பாதி நாள் நடக்காமலே போனது. கழிவறை, அறையின் மறுகோடியில் இருந்தது. நடந்தால் அந்த வழியாகத்தான் நடக்க வேண்டும்.

பிரின்ஸி ஒருதரம் சொல்லிப் பார்த்தார். "அங்கிள், இப்ப கொஞ்சம் நடக்கலாமா, இல்ல டீ குடிச்சிட்டு நடக்கலாமா?"

சிஸ்டர் அதை மலாயில் சொல்லிப் பார்த்தார். "ஜாலான் ஜாலான்", அதாவது உலாவப் போவோம், என்று சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடைத்தெருவுக்குக் கூப்பிடுவது போல இருக்கிறது என்றார். அதனால் என்ன, அப்படியே இருக்கட்டும் என்றோம். ஹொக்கியனுக்கு வேறொரு தாதி வேறொரு வாக்கியம் கண்டுபிடித்தார். ஒன்றை மற்றொன்றிலிருந்து மொழிபெயர்க்கவில்லை. ஒவ்வொரு மொழியிலும் வயதானவரிடம் எப்படிப் பேசுவார்களோ அப்படி வைத்துக்கொண்டோம். நடக்கவே முடியாதவர்களிடம் இதைச் சொல்லக்கூடாது என்பதில் சிஸ்டர் கண்டிப்பாக இருந்தார். அவர்களிடம் திரையை இழுத்துவிட்டு, காதருகே, மெதுவாகக் கேட்க வேண்டும்.

தலைமாட்டு ஒலிபெருக்கியின் சத்தத்தையும் குறைக்கச் செய்தோம். அதற்குத்தான் அதிக நாள் ஆனது. வேறொரு பிரிவின் அனுமதி தேவைப்பட்டது. போஸ்டரை எடுத்துவிட்டோம். சுவரில் அந்த இடம் வெளுப்பாகத் தெரிந்தது.

விழுவது மறுபடி குறைந்தது. நிற்கவில்லை. தாதி கையைப் பிடித்திருக்கும்போதே ஒரு பாட்டி முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மனிதர்கள் வயதாகி விழுவதை நாம் ஒழித்துவிடப் போவதில்லை. ஒரு மாதம் முடிந்தபின்னும் சிஸ்டர் அதை நிறுத்தவில்லை. பிரின்ஸி அந்த வார்டிலேயே இருந்தார்.

பிறகு நிர்வாகம் அதை மற்ற வார்டுகளுக்குக் கொண்டுபோனது. கொண்டுபோனது என்றால், அந்த வாக்கியத்தை நான்கு மொழிகளில் அட்டையில் அச்சடித்து ஒவ்வொரு தாதிக்கும் கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கொடுத்தது. தாதியர் எப்போது போவது, அவர்கள் போகும்போது மற்ற வேலையை யார் பார்ப்பது என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் எழுதிக் கேட்டேன். நேரிலும் சொன்னேன். துணை இயக்குநர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அட்டைகள் நன்றாக வந்திருப்பதாகச் சொன்னார். அந்த வார்டுகளில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. மருத்துவமனையின் கணக்கில் அது எல்லா வார்டுகளுக்கும் பரவிய வெற்றி. என் கணக்கில் ஒரே ஒரு வார்டில், ஒரே ஒரு சிஸ்டர் இருக்கும்வரை நடந்த காரியம். எது சரி என்று உங்களை முடிவு செய்யச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் செய்த ஒன்றை இன்னொரு இடத்துக்கு எடுத்துப் போகும்போது, கண்ணுக்குத் தெரிகிற பகுதிதான் முதலில் பயணப்படும். வேலை செய்கிற பகுதி பெரும்பாலும் பின்தங்கிவிடும். வண்டியில் அதை நீங்களே ஏற்ற வேண்டும். ஏற்ற விடுவார்களா என்பது வேறு விஷயம்.

சிவநேசன் வீட்டுக்குப் போய்ச் சில மாதங்களுக்குப் பிறகு, வீடு திரும்பியவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கும் வேலையாக அவருடைய வீட்டுக்குப் போனேன். லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி, தேக்கா சந்தையைத் தாண்டி நடக்கும் தூரம். மாலதி கதவைத் திறந்தார். விழுந்ததற்குப் பிறகு வாரத்தில் பாதி நாள் அங்கே வந்து தங்குவதாகச் சொன்னார். மருத்துவமனைக் கூட்டத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை.

சிவநேசன் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். முகம் மழித்து, சட்டை இஸ்திரி போட்டு. மணிக்கட்டு கூடிவிட்டது, கொஞ்சம் கோணலாகத்தான் கூடியிருந்தது. நான் எனக்கு வேண்டிய கேள்விகளைக் கேட்டேன். வீட்டில் விழவில்லை என்றார். மாலதி டீ கொண்டு வந்து வைத்தார்.

"உங்க 'நடக்கலாமா' கதை எனக்கு அப்பவே தெரியும், பிள்ளை," என்றார் அவர் திடீரென்று.

"எப்படித் தெரியும்?"

"எப்படின்னா? பாத்ரூம் பக்கமாத்தானே நடத்திக் கூட்டிட்டுப் போவாங்க. கதவுகிட்ட வந்ததும் அந்தப் பிள்ளை மெதுவா நிக்கும். எனக்கு மட்டுமில்ல, பக்கத்துக் கட்டில் சீனருக்கும் தெரியும். 'வாக்கிங், வாக்கிங்'னு என்னைப் பார்த்துச் சிரிப்பார்."

"தெரிஞ்சும் போனீங்களே?"

"தெரிஞ்சா என்ன? சொல்லக்கூடிய மாதிரி ஒரு வார்த்தை கிடைச்சுதே." டீயை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு வைத்தார். "யார் முன்னாடியும் சொல்லலாம்."

நம் தொழிலில் எனக்குக் கிடைத்த மதிப்பீடுகளில் இதைவிட நல்லது இல்லை. நீங்கள் வடிவமைக்கிற எதையும், யாருக்காகச் செய்கிறீர்களோ அவர் முழுவதுமாகப் பார்த்துவிட்டார் என்று வைத்துக்கொண்டு சோதித்துப் பாருங்கள். பார்த்தபின்னும் அவர் அதை வைத்துக்கொள்வாரா என்று கேளுங்கள்.

நாங்கள் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தோம். சந்தையில் மீன் விலை, அவருடைய பழைய கப்பல் அலுவலகம் இருந்த இடத்தில் இப்போது இருக்கும் ஹோட்டல். பேச்சின் நடுவில் அவர் நிறுத்தினார். நாற்காலியின் கைகளைப் பிடித்தார். ஆனால் எழுந்திருக்கவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பி, சாதாரணக் குரலில் கூப்பிட்டார்.

"மாலதி, கொஞ்சம் நடந்துட்டு வரலாமா?"

மாலதி கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவருடைய முழங்கையைப் பிடித்தார். "நீங்க டீயைக் குடிங்க, பிள்ளை. ஆறிடும்," என்று என்னிடம் சொல்லிவிட்டு, சிவநேசன் மகளோடு மெதுவாக உள்ளே நடந்தார்.